340 கிராமின் கணக்கு

நடுத்தர உடல்வாகு கொண்ட நாய் ஒன்று நாளொன்றுக்குக் கழிக்கும் மலம் முக்கால் பவுண்டு, அதாவது 340 கிராம். அமெரிக்கக் கணக்குகளில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு இது. 365 நாளால் பெருக்கினால் ஆண்டுக்கு 124 கிலோ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சோறும் மீன்தலையும் தின்று வளரும் 15 கிலோ நாட்டு நாய்க்கு இது சற்றுக் கூடுதலாக இருக்கலாம். குறைத்துப் போட்டு ஏமாறுவதைவிடக் கூட்டிப் போடுவது மேல் என்பதால் கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் 340 கிராமே அடிப்படை. ஒப்பீட்டுக்கு: நாளுக்கு 10 கிலோ சாணம் போடும் பசு ஒன்று, எடையளவில் 29 நாய்களுக்குச் சமம். கொல்லைப்புற எருக்குழி பற்றி நாம் பரம்பரையாக அறிந்ததெல்லாம் அந்த 10 கிலோவைப் பற்றியது. 340 கிராமுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஊரளவில். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியத் தெருநாய்கள் 1.53 கோடி, 2012ஆம் ஆண்டில் 1.71 கோடி. தமிழ்நாட்டின் பங்கு 4.41 லட்சம். இதை 340 கிராமால் பெருக்கினால் நாளுக்கு 150 டன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 அறிக்கைப்படி தமிழ்நாட்டு நகரங்களின் திடக்கழிவு நாளுக்கு 13,422 டன். 150 டன் அதில் 1.1 விழுக்காட்டுக்கு ஈடான அளவு. ஆனால் இந்த 150 டன் குப்பை வண்டியில் ஏறுவதே இல்லை. விழுந்த இடத்தில் காய்ந்தோ, மழையில் கரைந்தோ போகிறது.

கடலூருக்கு இதைச் சுருக்கினால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. 2011 மக்கள்தொகை மாநிலத்தில் 7.21 கோடி, கடலூர் நகராட்சியில் (2021 முதல் மாநகராட்சி) 1,73,636. மாநிலச் சராசரிப்படி 164 பேருக்கு ஒரு தெருநாய். அந்த வீதத்தில் கடலூருக்கு 1,060 நாய்கள், நாளுக்கு 360 கிலோ. சென்னை மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் தெருநாய்கள் 1.81 லட்சம், மாநகராட்சி எல்லையின் 2011 மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அங்கே 37 பேருக்கு ஒன்று. அந்த வீதத்தைக் கடலூருக்குப் போட்டால் 4,700 நாய்கள், நாளுக்கு 1.6 டன். சென்னையின் 2018 எண்ணிக்கை 57,366 மட்டுமே என்பதால், எண்ணும் முறையும் ஆண்டும் மாறும்போது விடை மும்மடங்கு புரளும். 360 கிலோவுக்கும் 1,600 கிலோவுக்கும் இடையே உண்மை எங்கோ இருக்கிறது என்பதற்குமேல் சொல்வது துணிச்சல். வளர்ப்பு நாய்கள் இதில் சேரவில்லை. அவற்றின் கழிவுக்கு மட்டும்தான் ஓர் உரிமையாளர் உண்டு. எனவே கணக்கு அந்த உரிமையாளரின் கொல்லைக்குள் நுழைகிறது.

நாய் மலத்தைச் சாணம்போல் நினைக்க முடியாததற்கு முதற்காரணம் 2 லட்சம் என்ற எண். நாயின் குடலில் வாழும் உருண்டைப்புழு டாக்ஸோகாரா கேனிஸ். அதன் பெண்புழு ஒன்று நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். 30 நாளில் 60 லட்சம். கிராமுக்கு வகுத்தால் 588 முட்டைகள், அதுவும் ஒரே ஒரு புழுவிலிருந்து. இந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கக்கூடியவை. மாடும் ஆடும் முயலும் இந்தப் புழுவின் முட்டையை மலத்தோடு வெளியேற்றுவதில்லை. இறைச்சி தின்னும் பிராணியை வீட்டில் வளர்ப்பதன் கூடுதல் செலவு இது.

ஓர் எருக்குவியல் 99.9 விழுக்காடு முட்டைகளைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. 60 லட்சத்தில் மீதம் 6,000. 99.99 விழுக்காடு என்றாலும் 600.

கொல்வதற்கு அறியப்பட்ட வழி வெப்பம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993ஆம் ஆண்டு கழிவுநீர்க் கசடுக்கு வகுத்த விதி எண்களைத் தெளிவாகச் சொல்கிறது: திறந்த வரிசைக் குவியலில் 55 டிகிரி செல்சியஸ், 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். நாய்க் கழிவுக்கென்றே எழுதப்பட்ட கையேடும் உண்டு. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைக் கூட்டமாக வளர்க்கும் அலாஸ்காவில், அமெரிக்க வேளாண் துறை 2005ஆம் ஆண்டு அதை வெளியிட்டது. 2 பங்கு கழிவுக்கு 1 பங்கு மரத்தூள் என்பது அதன் கலவை. குவியல் மட்கும்போது கொள்ளளவு பாதியாகும் என்கிறது; விளைந்த எருவை உண்ணும் பயிருக்குப் போடக்கூடாது என்றும் சொல்கிறது. ஃபேர்பேங்ஸ் நகரில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 22, 23 டிகிரி. மஞ்சக்குப்பத்தில் மே மாதப் பகல் 37 டிகிரியை ஒட்டியது. 55 டிகிரியைத் தொட அங்கே 32 டிகிரி ஏற வேண்டும். இங்கே 18 போதும். இதை மட்டும் பார்த்தால் நமக்கு வேலை எளிது.

எளிதாக இல்லை. 55 டிகிரி வெளியிலிருந்து வருவதன்று. குவியலின் கொள்ளளவு தாங்கிப் பிடிப்பது. வீட்டுக் குவியல் சூடேறக் குறைந்தது 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி வேண்டும் என்பது வழக்கமான அளவு, மீட்டரில் 0.9 பக்கமுள்ள கனசதுரம், 729 லிட்டர். நாய்க் கழிவு லிட்டருக்கு ஒரு கிலோ என்று கொண்டால் ஆண்டுக்கு 124 லிட்டர். அதில் பாதி, 62 லிட்டர், மரத்தூள். ஆக 186 லிட்டர். 729ஐ 186ஆல் வகுத்தால் 3.9. ஒரு நாய் ஒரு குவியலை நிரப்ப ஏறத்தாழ 4 ஆண்டுகள். முதலில் போட்டது மண்ணாகிப் போன பிறகுதான் கடைசியில் போடுவது வந்து சேரும். சூடு ஒருநாளும் ஏறாது. இரண்டு மாதத்தில் நிரம்ப வேண்டுமானால் 24 நாய்கள் தேவை. அலாஸ்கா வண்டிக்காரர்களிடம் அந்தக் கூட்டம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் வாசல் திண்ணையில் படுத்திருப்பது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

24 நாய்கள் இருந்தாலும் கணக்கு முழுதாகத் தேறவில்லை. குவியலின் வெளிப்புற 15 செ.மீ. எப்போதும் ஆறியே இருக்கும் என்று வைப்போம். 90 செ.மீ. கனசதுரத்தில் ஆறுபுறமும் 15 செ.மீ. கழித்தால் உள்ளே 60 செ.மீ. கனசதுரம். 60இன் கனத்தை 90இன் கனத்தால் வகுத்தால் 0.296. அதாவது எந்த நேரத்திலும் குவியலில் 30 விழுக்காடு மட்டுமே சூட்டில் இருக்கிறது. 70 விழுக்காடு தோல். புரட்டுவது இதற்காகத்தான். 5 முறை புரட்டினால் மொத்தம் 6 சுற்று. ஒவ்வொரு புரட்டலும் முழுதாகக் கலக்கிவிடுகிறது என்று கொண்டால், ஆறு சுற்றிலும் தோலிலேயே தங்கிவிடும் பங்கு 0.704இன் ஆறாம் அடுக்கு: 0.12. நூற்றுக்கு 12. ஒரு புழுவின் மாத விளைச்சலான 60 லட்சம் முட்டையில் 7.2 லட்சம் சூட்டையே பார்க்காமல் தப்பும்.

பக்கத்தை 1.5 மீட்டராக்கினால் சூட்டுப் பகுதி 51 விழுக்காடாக உயர்கிறது; ஆறு சுற்றுக்குப் பின் தப்புவது 1.4 விழுக்காடு. ஆனால் அந்தக் குவியலின் கொள்ளளவு 3,375 லிட்டர். இரண்டு மாதத்தில் நிரப்ப 109 நாய்கள். இந்தக் கணக்கு மிக எளிமையான மாதிரி. உண்மையான குவியலில் தோலின் தடிமன் ஈரத்தாலும் காற்றாலும் மாறும். திசை மட்டும் மாறாது. பெரிய நகரங்கள் இதை வீட்டுக்காரரிடம் விடாமல் தாமே எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணமாகத் தெரிகிறது: டொரன்டோ மாநகரம் நாய்க் கழிவைச் சமையலறைக் கழிவோடு ஒரே தொட்டியில் வாங்கி, காற்றில்லாச் செரிப்பு ஆலைக்கு அனுப்புகிறது.

நாய்க் கழிவைச் சாணத்தோடும் சருகோடும் கலந்து 729 லிட்டரை நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். இரண்டு மாத நாய்க் கழிவு 20.4 கிலோ, மரத்தூளோடு 31 லிட்டர். குவியலில் 4.2 விழுக்காடு. மீதி 95.8 விழுக்காடு, கத்தரிக்கும் கீரைக்கும் போயிருக்க வேண்டிய நல்ல எரு. 31 லிட்டருக்காக 698 லிட்டரைக் காய்கறிப் பாத்தியிலிருந்து விலக்குவது எந்தக் கணக்கிலும் நட்டம்.

வெப்பம் கைகூடாத இடத்தில் காலம் வேலை செய்யும். மனித மலத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக எதுவும் சேர்க்காமல் வைத்திருக்க வேண்டிய காலத்தை வெப்பநிலைப்படி பிரிக்கிறது: 2 முதல் 20 டிகிரி வரை ஒன்றரை முதல் 2 ஆண்டு, 20 முதல் 35 டிகிரி வரை ஓராண்டுக்கு மேல். கடலூர் இரண்டாம் வரிசையில் வருகிறது. குழி மூடிக் கிடக்கும் காலம், ஃபேர்பேங்ஸ்காரருக்குக் கிடைக்காத நம் வெயிலால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. தூய்மை இந்தியா இயக்கத்தின் இரட்டைக் குழிக் கழிப்பறை இதே கணக்கில்தான் ஓடுகிறது: ஒரு குழி நிரம்பும்போது மற்றது ஆறுகிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் 2000களில் ஸ்கோப் அமைப்பு கட்டிய சூழல் கழிப்பறைகளிலும் சாம்பல் தூவிய அறைகள் இரண்டு, மாறி மாறி.

நாய்க்கு அதைச் சுருக்கலாம். 2 அடி விட்டமும் 1 அடி உயரமும் உள்ள சிமென்ட் உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உள்ளளவு 170 லிட்டர். ஆண்டு வரவு 186 லிட்டர், மட்கிப் பாதியானால் 93. எனவே ஒரு குழி நிரம்ப 1.8 ஆண்டு, ஏறக்குறைய 22 மாதம். அதை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் முதற்குழிக்கு 22 மாத ஓய்வு. ஓராண்டுக்கு மேல் என்ற வரம்பைவிடப் பத்து மாதம் கூடுதல். வெப்பமானியும் வேண்டாம், புரட்டவும் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தில் குழிக்கு எதிரி தண்ணீர். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். கீழே ஆற்று மணல். கடலூரின் ஆண்டு மழை சுமார் 1,200 மி.மீ.; பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாளில் கொட்டுகிறது. 600 மி.மீ. மழை என்பது 0.6 மீட்டர் உயரத் தண்ணீர். குழியின் ஆழமும் 0.6 மீட்டர். மூடி இல்லையென்றால் வடகிழக்குப் பருவம் ஒன்றே குழியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான நீரை, 170 லிட்டரை, உள்ளே இறக்கிவிடும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த ஒரு நாள் மட்டும் 113 லிட்டர். குழியின் விலையில் மூடி இரண்டாம்பட்சச் செலவு அன்று.

அடியிலிருந்தும் நீர் ஏறும். இரட்டைக் குழிக் கழிப்பறைக்கான இந்திய நடைமுறை, குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் கேட்கிறது. அது இருந்தால் நுண்மண்ணில் குடிநீர்க் கிணற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளினால் போதும், இல்லையென்றால் 10 மீட்டர். 0.6 மீட்டர் குழிக்கு 2 மீட்டரைக் கூட்டினால் 2.6. நவம்பர் கடைசியில் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது தண்ணீர் தரையிலிருந்து 2.6 மீட்டருக்குள் நின்றால், உறைகளைப் புதைக்கக்கூடாது. தரைமேல் நிறுத்த வேண்டும். அப்போது அடியைச் சிமென்ட் பூசி அடைப்பதும், மரத்தூளைக் கூட்டி ஈரத்தை உறிஞ்ச விடுவதும் தவிர வேறு வழியில்லை. 5 சென்ட் மனையில், அதாவது 202 சதுர மீட்டரில், வீடு போக மிஞ்சும் இடத்தில் கிணற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளுவது பலருக்கு எல்லைச் சுவரைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும்.

குழிக்குப் போகுமுன் தரையில் கிடக்கும் காலத்துக்கும் ஓர் எண் உண்டு. கொக்கிப்புழு முட்டை மண்ணில் 1 அல்லது 2 நாளில் பொரிகிறது. 5 முதல் 10 நாளில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வளர்கிறது. ஏற்ற சூழலில் 3, 4 வாரம் உயிர்த்திருக்கிறது. நிழலும் ஈரமும் உள்ள மணல்தான் ஏற்ற சூழல். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலையை எட்டச் சில வாரங்கள் பிடிக்கும். ஞாயிறுதோறும் மட்டும் கொல்லையைக் கூட்டுபவர், 5 நாள் தாண்டியதையும் சேர்த்தே அள்ளுகிறார். அன்றன்றே அள்ளுபவருக்கு இரண்டு புழுவும் எட்டாது. வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் வீட்டில் இந்த 24 மணி நேரம், குழியின் 22 மாதத்தைவிட முக்கியமாகப் படுகிறது.

பூனை இந்தக் கணக்கில் அடங்காது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய பூனை 1 முதல் 3 வாரம் வரை அதன் முட்டைக்கூடுகளை மலத்தோடு வெளியேற்றும். 1 முதல் 5 நாளில் அவை தொற்றும் நிலை அடையும். ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேல் தாங்கும். குழி கேட்கும் ஓராண்டை அது உயிரோடு கடந்துவிடுகிறது. கர்ப்பிணி உள்ள வீட்டில் 22 மாதக் குழியையும் நம்பிப் பூனை மலத்தைச் சேர்ப்பதற்கில்லை.

இனி ரூபாய். கீழுள்ள விலைகள் கணக்கு ஓடுவதற்காக வைத்தவை. வாசகர் தம் கடை விலையைப் போட்டுக்கொள்ளலாம். உறை ஒன்று ரூ.400 எனில் நான்குக்கு ரூ.1,600. மூடி இரண்டு, தலா ரூ.450, ரூ.900. ஓர் ஆள் கூலி ரூ.800. மொத்தம் ரூ.3,300, பத்தாண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு ரூ.330. மரத்தூள் 62 லிட்டர் எடையில் 12.4 கிலோ, கிலோ ரூ.10 எனில் ரூ.124. கடற்கரைச் சவுக்குத் தோப்பின் சருகை அள்ளி வந்தால் இந்த வரி பூச்சியம். ஆக ஆண்டுச் செலவு ரூ.454. வரவு: 124 கிலோ கழிவில் 70 விழுக்காடு நீர் என்றால் உலர்எடை 37 கிலோ, மரத்தூளின் 12 சேர்த்து 49. மட்கும்போது பாதி காற்றில் போனால் 25 கிலோ. 40 விழுக்காடு ஈரத்தோடு 42 கிலோ எரு. கிலோ ரூ.10 எனில் ரூ.420. செலவைவிட ரூ.34 குறைவு. லாபத்துக்காகச் செய்யும் வேலை இல்லை இது.

இன்னொரு வரி இந்த ஏட்டில் சேராமல் நிற்கிறது: குடற்புழு மாத்திரை. 10 கிலோ எடைக்கு ஒன்று என்றால் 15 கிலோ நாய்க்கு ஒன்றரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஆறு மாத்திரை, தலா ரூ.50 எனில் ரூ.300. குழியின் ஆண்டுச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் குழி வேலை செய்வது முட்டை வெளியே வந்த பிறகு. மாத்திரை, 2 லட்சம் முட்டை இடும் புழுவையே எடுத்துவிடுகிறது. கையில் ரூ.300 மட்டும் இருப்பவர் எதை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழிக்குப் போட்டியாளர் கழிப்பறைதான். பேசினில் கொட்டி 6 லிட்டர் ஊற்றினால் ஆண்டுக்கு 2,190 லிட்டர். நகர்ப்புறக் குடிநீர் வழங்கலில் நபருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில் 6 லிட்டர் 4.4 விழுக்காடு. முதலீடு இல்லை, மூடி இல்லை, எருவும் இல்லை. நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுவது ஆண்டுக்கு 365 பை. தமிழ்நாட்டில் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பழைய செய்தித்தாளில் மடித்தால் தடை இல்லை, ஆனால் அந்த 124 கிலோ போய்ச் சேரும் இடம் குப்பைக் கிடங்கு. 2020–21இல் நாடு முழுவதும் உருவான நாளொன்றுக்கு 1,60,039 டன்னில் பதப்படுத்தப்பட்டது 79,956 டன், 50 விழுக்காடு.

எதுவும் செய்யாமல் விடுவதற்கும் எண் இருக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பிடங்களில் 487 முறை சென்று 1,629 நாய்களை எண்ணிய ஆய்வு 2022ஆம் ஆண்டு வெளியானது. ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் நாய்களால் மண்ணில் சேர்வதாக மதிப்பிட்டது. உரிமையாளர்கள் மலத்தை அள்ளிவிட்டால் நைட்ரஜன் 56 விழுக்காடு குறையும். பாஸ்பரஸ் 97 விழுக்காடு. மீதி நைட்ரஜன் சிறுநீரில் போவது. நம் குழியில் சேர்வது நைட்ரஜனில் பாதிக்குச் சற்று மேலும், பாஸ்பரஸ் ஏறத்தாழ முழுதும். பூக்கும் செடிக்கு வேண்டிய சத்து.

42 கிலோ எருவைச் சதுர மீட்டருக்கு 1 கிலோ வீதம் இட்டால் 42 சதுர மீட்டர் வேண்டும். ஒரு சென்ட் என்பது 40.5 சதுர மீட்டர். அந்த ஒரு சென்ட்டில் கீரையோ வெண்டையோ தரையொட்டிய எதுவுமோ கூடாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், வேலியோரப் பூவரசு மட்டும். 5 சென்ட் மனையில் ஒரு சென்ட் பூச்செடிக்கு ஒதுக்கியிருக்கும் வீட்டுக்கு இரண்டு குழி பொருந்தும். அரை சென்ட்தான் உண்டு என்றால் முதற்குழியைத் திறந்ததுமே எரு தேங்கத் தொடங்கும். அந்த வீட்டுக்கு நாளுக்கு 6 லிட்டர் தண்ணீரே மலிவு.